திக்குகிறதா, தேடுகிறதா? இருமொழிக் குழந்தைகளும் ‘நூற்றுக்கு மூன்று’ கணக்கும்

டெக்ஸாஸ் மாநிலத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஸ்பானிஷ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் ஆறு வயதுப் பையன் படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறான். கண்ணாடிக் குடுவையில் அடைத்து வைத்திருந்த தவளை ராத்திரியில் தப்பித்துப் போகிறது. ஸ்பானிஷில் அவன் சொல்வது இப்படி வருகிறது: “இ... இ... லா லா ரானா சே சே சாலியோ தெல் ஃப்ராஸ்கோ.” எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் தாளில் கோடு போட்டு எண்ணுகிறார். கோடுகள் எல்லையைத் தாண்டுகின்றன. “உங்கள் பையனுக்குத் திக்கல் இருக்கலாம்” என்று வீட்டுக்குத் தகவல் போகிறது.

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். இப்படிப்பட்ட தகவல் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். தகவலைக் கேட்ட தாய்க்கு உடனே எழும் கேள்வி: “ரெண்டு மொழி பேசுறதாலதான் இப்படி ஆச்சா?” அதற்குப் பதில் தேடும் முன், தெரபிஸ்ட் போட்ட கோடுகள் எதை எண்ணின, அந்த எல்லையை யார் எதை வைத்துக் கிழித்தார்கள் என்று பார்க்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் பையனின் நாக்கில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது.

தடங்கல் வேறு, திக்கல் வேறு

தடங்கலே இல்லாமல் பேசுகிறவர் உலகத்தில் இல்லை. செய்தி வாசிப்பவர்கூட எழுதியதைப் படிப்பதால்தான் தப்பிக்கிறார். பேச்சுத் துறையில் தடங்கல்களை இரண்டு கூடையாகப் பிரிக்கிறார்கள்.

முதல் கூடையில் இருப்பவை எல்லோருக்கும் வருபவை. “உம்”, “ஆ” போன்ற நிரப்புச் சத்தங்கள்; பாதியில் மாற்றிக்கொள்வது (“நான் போனே... நாங்க போனோம்”), ஒரு தொடரை அப்படியே திரும்பச் சொல்வது, நீளமான சொல்லை முழுதாகத் திரும்பச் சொல்வது. நாம் “அது வந்து... அது வந்து...” என்று இழுப்பது இந்தக் கூடைதான். ஸ்பானிஷ்காரர்களுக்கு இதே வேலையைச் செய்வது “எஸ்தே” என்ற சொல்.

இரண்டாவது கூடை, திக்கலின் சாயல் கொண்டவை:

1. சொல்லின் ஒரு ஒலியோ அசையோ திரும்புவது: “ப-ப-பந்து”.
2. ஓரசைச் சொல் முழுதாகத் திரும்புவது: “நான் நான் நான் வரேன்”.
3. ஒலியை நீட்டுவது: “ஸ்ஸ்ஸ்ஸ்கூல்”.
4. அடைப்பு: உதடும் நாக்கும் சொல்லுக்குத் தயாராக நிற்கும், சத்தம் மட்டும் வராது.

(இங்கே அசை என்றால் ஒரே மூச்சுத் தட்டில் வரும் ஒலிக்கூறு. யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்த நாலில் இரண்டாவதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மற்ற மூன்றிலும் சொல் உடைகிறது, அல்லது இழுபடுகிறது, அல்லது மாட்டிக்கொள்கிறது. இரண்டாவதில் சொல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழுதாக, தெளிவாக, ஒன்றுக்கு மேல் தடவை வருகிறது, அவ்வளவே. நிஜமாகத் திக்கும் சின்னக் குழந்தைகளிடம் இது நிறையத் தென்படுவதால் இந்தக் கூடையில் போட்டார்கள். ஆனால் அடுத்த சொல்லைத் தேடி நேரம் வாங்கும் குழந்தையும் இதையேதான் செய்யும். இருமொழிக் குழந்தைகளைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்தில் தொடங்குகிறது.

மூன்று என்ற எண் வந்த வழி

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எஹுட் யாய்ரியும் நிக்கோலின் ஆம்ப்ரோஸும் பல வருடங்கள் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். திக்கும் குழந்தைகளையும் திக்காத குழந்தைகளையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பது கேள்வி. இரண்டாவது கூடைச் சமாச்சாரங்கள் 100 அசைக்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் திக்கலாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் வழி. எட்வர்ட் கான்ச்சரின் வழியில் அதே 3, ஆனால் 100 சொல்லுக்கு. இன்றுவரை மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் புழங்குவது இந்த ‘நூற்றுக்கு மூன்று’தான்.

கோடு நன்றாக வேலை செய்தது, அது யாருக்காகக் கிழிக்கப்பட்டதோ அவர்களுக்கு. அதாவது ஆங்கிலம் மட்டும் பேசும் குழந்தைகளுக்கு. ஆங்கிலக் காலணிக்கு எடுத்த அளவில் மற்ற எல்லாக் கால்களையும் நுழைக்கப் பார்த்தது பிற்பாடு நடந்தது.

ஆஸ்டினிலிருந்து வந்த முடிவு

2015இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைச் சேர்ந்த கோர்ட்னி பேர்டு, லிசா பெடோர் ஆகியோர் டேனியல் ராமோஸுடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் 18 குழந்தைகள். யாருக்கும் திக்கல் கிடையாது. ஸ்பானிஷில் வலுவானவர்கள், ஆங்கிலத்தில் வலுவானவர்கள், இரண்டிலும் சமமானவர்கள் என்று மூன்று வகையினரும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டு மொழியிலும் கதை சொன்னார்கள்: கேட்ட கதையைத் திரும்பச் சொல்வது ஒன்று, படத்தைப் பார்த்துத் தானாகச் சொல்வது ஒன்று.

இரண்டாவது கூடைத் தடங்கல்கள் இந்தக் குழந்தைகளிடம் 3 சதவீதத்திலிருந்து 22 சதவீதம் வரை இருந்தன. திக்கல் இல்லாத குழந்தைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆங்கில அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் அத்தனை பேருக்கும் திக்குவாய் என்று எழுத வேண்டியிருக்கும்.

அந்த ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள். எந்த மொழியில் குழந்தை வலுவானது என்பது எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றவில்லை. எந்த மொழியில் பேசுகிறது என்பது மாற்றியது: ஆங்கிலத்தைவிட ஸ்பானிஷில் பேசும்போது தடங்கல் கூடுதலாக வந்தது. ‘தெரியாத மொழியில் தடுமாறுகிறது’ என்ற எளிய விளக்கம் இங்கே நிற்காது. ஸ்பானிஷில் வலுவான குழந்தையும் ஸ்பானிஷில்தான் அதிகம் தடுக்கியது.

18 பேர் சின்ன எண்ணிக்கைதான். இதை வைத்துப் புதிய எல்லைக்கோடு கிழிக்க முடியாது, அவர்களும் கிழிக்கவில்லை. ஆனால் பழைய கோட்டை அசைத்துப் பார்க்க 18 பேர் போதும்.

ஸ்பானிஷில் ஏன் கூடுதல்?

மேலே சொன்ன தவளை வாக்கியத்துக்கே திரும்புவோம். ஒரே விஷயம், இரண்டு மொழி.

ஸ்பானிஷில்: “இ லா ரானா சே சாலியோ தெல் ஃப்ராஸ்கோ.” ஏழு சொற்கள். ஆங்கிலத்தில்: “த ஃப்ராக் காட் அவுட் ஆஃப் த ஜார்.” அதுவும் ஏழு சொற்கள். பையன் ஸ்பானிஷில் இ, லா, சே ஆகிய மூன்றையும் திரும்பச் சொன்னான். ஆங்கிலத்தில் சொன்னபோது தொடக்கத்து “த”வை மட்டும் ஒரு தடவை திரும்பச் சொன்னான் என்று வைப்போம். சொல் கணக்கில் ஸ்பானிஷுக்கு ஏழுக்கு மூன்று, ஆங்கிலத்துக்கு ஏழுக்கு ஒன்று.

அவன் திரும்பச் சொன்னவை என்னென்ன என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

1. இ: ‘அப்புறம்’, ‘-உம்’ என்பதற்கான இணைப்புச் சொல். அடுத்து என்ன நடந்தது என்று படத்தைப் பார்க்க அவனுக்குக் கிடைத்த இடைவெளி. நம் குழந்தைகள் “அப்புறம்... அப்புறம்...” என்று தொங்குவார்களே, அதே வேலை.

2. லா: இது பெண்பால் சுட்டு. ஸ்பானிஷில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் பால் உண்டு. தவளை பெண்பால், ஆகவே ‘லா ரானா’. நாய் ஆண்பால், ‘எல் பெர்ரோ’. குடுவை ஆண்பால், ‘எல் ஃப்ராஸ்கோ’. பன்மைக்கு லோஸ், லாஸ் வேறு. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘த’ போட்டுவிட்டுப் போகலாம். ஸ்பானிஷில் சுட்டைச் சொல்லும்போதே பின்னால் வரப்போகும் பெயர் என்ன, அதன் பால் என்ன என்று தீர்மானமாகியிருக்க வேண்டும். பெயர் நினைவுக்கு வருமுன் வாய் சுட்டில் போய் நின்றுவிட்டால், வரும் வரைக்கும் ‘லா லா லா’தான்.

3. சே: வினைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் துணுக்கு. இதைச் சொன்னதும் அடுத்து வினைமுற்று வந்தாக வேண்டும். யார், எப்போது என்பதெல்லாம் அதன் ஈற்றில் ஏறும். கடந்த காலத்திலேயே ‘வெளியேறியது’ என்பதற்கு ஒரு வடிவம், ‘வெளியேறிக்கொண்டிருந்தது’ என்பதற்கு இன்னொரு வடிவம். கதை சொல்லும்போது வினைக்கு வினை இந்தத் தேர்வு வந்து நிற்கும்.

மூன்றுமே இலக்கண வேலை நடக்கும் இடங்கள். மூன்றுமே ஓரசைச் சொற்கள். ஆகவே மூன்றும் நேராக இரண்டாவது கூடைக்குள் விழுகின்றன. ஸ்பானிஷ் அமைப்பிலேயே சொற்றொடருக்குச் சொற்றொடர் எல், லா, தே, கே, என், சே என்று ஓரசைச் சொல் வாசலில் காவல் நிற்கும். யோசிக்க நிற்கும் குழந்தை அந்த வாசலில்தான் நிற்கும்.

எதால் வகுக்கிறோம் என்பது மாறினால் நடக்கும் வேடிக்கையையும் பார்த்துவிடலாம். ஸ்பானிஷ் சொற்கள் நீளமானவை. மேற்சொன்ன ஸ்பானிஷ் வாக்கியத்தில் சொல் ஏழு, அசை பத்து. ஆங்கில வாக்கியத்தில் சொல்லும் ஏழு, அசையும் ஏழு. அதே மூன்று தடங்கலைச் சொல் கணக்கில் போட்டால் நூற்றுக்கு 43, அசைக் கணக்கில் போட்டால் 30. பையன் பேசியது மாறவில்லை. ஒரு வாக்கியத்தை வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் எந்த நூறு என்று சொல்லாமல் ‘நூற்றுக்கு மூன்று’ என்று மட்டும் அறிக்கையில் எழுதுவது இருமொழிப் பிள்ளைகள் விஷயத்தில் வெறும் கவனக்குறைவு அல்ல, நேரடியான பிழை.

இரண்டு அலமாரியும் திறந்தே இருக்கும்

மொழியமைப்பு ஒரு பாதி என்றால், இருமொழி மூளையின் வேலை மறுபாதி. இரண்டு மொழி தெரிந்தவர் ஒன்றில் பேசும்போது மற்றது தூங்குவதில்லை. இரண்டும் விழித்தே இருக்கின்றன. தவளையைப் பார்த்ததும் ‘ரானா’வும் ‘ஃப்ராக்’கும் சேர்ந்து எட்டிப் பார்க்கும். ஒன்றை அடக்கி மற்றதை எடுக்க ஒரு கண நேரம் பிடிக்கும்.

அதோடு, குழந்தையின் சொற்கள் இரண்டு மொழியிலும் சரிபாதியாக இருப்பதில்லை. அடுப்படி, பாட்டி, சாப்பாடு, திட்டு எல்லாம் ஸ்பானிஷில் இருக்கும். நிறம், வடிவம், கத்தரிக்கோல், வரிசையில் நில் என்பவை ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளியில் ‘ஜார்’ என்று கற்ற பொருளை வீட்டு மொழியில் சொல்லும்படி வந்தால், “எல்... எல்... லா...” என்று சுட்டைப் பிடித்துத் தொங்கி, கடைசியில் “எல் ஜார்” என்று இரண்டு மொழியையும் சேர்த்து முடிப்பான். இதைக் குறை என்று எழுதுகிறவர்கள் உண்டு. கையிலிருப்பதை வைத்து வாக்கியத்தை ஒப்பேற்றிவிட்ட சாமர்த்தியம் என்றுதான் எனக்குப் படுகிறது.

குழந்தைகளின் பேச்சை எழுத்தில் பெயர்க்கும் ஆய்வாளர்கள் இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் பகுதிகளை ‘மேஸ்’ என்பார்கள். நுழைந்த சந்திலேயே திரும்பி வந்து வேறு சந்தில் நுழையும் பாதை. பொருத்தமான பெயர். சந்து மாறி நுழைந்தாலும் குழந்தை போய்ச் சேர வேண்டிய தெரு எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

தேர்ந்த காதும் ஏமாறும்

எண்ணிக்கையை விட்டுவிட்டு, அனுபவமுள்ளவர் காதால் கேட்டுச் சொல்லட்டுமே என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதே 2015இல் வந்த இன்னோர் ஆய்வில், ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டும் அறிந்த 14 தெரபிஸ்டுகளிடம் இரண்டு இருமொழிக் குழந்தைகளின் ஒலிப்பதிவைக் கொடுத்தார்கள். ஒரு குழந்தைக்குத் திக்கல் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. திக்கும் குழந்தையைச் சரியாகக் கண்டதைவிட, திக்காத குழந்தையைத் திக்குவதாகச் சொன்ன தவறே அதிகம் நேர்ந்தது.

இவர்கள் மொழி தெரியாதவர்கள் அல்லர். அமெரிக்கப் பேச்சு, கேட்பியல் சங்கத்தின் உறுப்பினர்களில் ஆங்கிலம் தவிர வேறு மொழியிலும் சேவை தரக்கூடியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சிறு கூட்டத்துக்கே இந்த நிலை என்றால், ஸ்பானிஷே தெரியாத ஒருவர் ‘எஸ்தே’ ஒரு நிரப்புச் சொல் என்பதையே கவனிக்காமல் எண்ணிக்கொண்டு போவார்.

“ரெண்டு மொழியாலதான்” என்ற பழைய வழக்கு

இருமொழிதான் திக்கலைக் கொண்டுவருகிறது என்ற பேச்சுக்கு வயது அதிகம். 1937இல் இண்டியானா மாநிலத்தின் ஈஸ்ட் சிகாகோ என்ற எஃகு ஆலை நகரத்தில் 4,827 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஒரு மொழி பேசுவோரில் 1.8 சதவீதம், இருமொழி பேசுவோரில் 2.8 சதவீதம் திக்குவதாகக் கணக்கு வந்தது. பல பத்தாண்டுகள் இந்த ஒற்றை வித்தியாசம் பாடப்புத்தகங்களில் சுற்றியது. அங்கே இருமொழி பேசிய பிள்ளைகள் யார்? பொருளாதார மந்தக் காலத்தில் ஆலைக் கூலியை நம்பி வாழ்ந்த குடியேறிகளின் பிள்ளைகள். மொழியின் பங்கு எது, வறுமையின் பங்கு எது என்று அந்த எண்ணால் பிரித்துக் காட்ட முடியாது. போதாததற்கு, அந்த 2.8இல் எத்தனை பேர் திக்கினார்கள், எத்தனை பேர் தேடினார்கள் என்ற கேள்வி அன்றைக்கு எழவே இல்லை.

2000இல் இணையம் வழியாக நடந்த ஒரு கணக்கெடுப்பில் ஒருமொழிக்காரர், இருமொழிக்காரர் இரு தரப்பிலும் திக்கல் இருப்பதாகச் சொன்னோர் விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. விவாதம் அத்துடன் அடங்கவில்லை. 2009இல் லண்டனில் பீட்டர் ஹௌவலும் உடனிருந்தவர்களும் திக்கலுக்காகச் சிகிச்சைக்கு வந்த 317 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து, ஐந்து வயதுக்கு முன் இரண்டு மொழியும் பேசியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றார்கள். வீட்டு மொழி வேறாக இருந்தால் ஆங்கிலத்தைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார்கள். ஆன் பாக்மன், மார்க் ஆன்ஸ்லோ முதலான ஆய்வாளர்கள் அதே வருடம் மறுப்பு எழுதினார்கள்: அந்தத் தரவை வைத்து ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் அப்படி ஆலோசனை சொல்ல இடமில்லை. என் பார்வையில் மறுப்புத் தரப்பே வலுவானது. இருமொழிதான் காரணம் என்றால் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தெருவுக்குப் பாதிப் பேர் திக்க வேண்டும்.

திக்கலின் வேர் பெரிதும் மரபணுவிலும் பேச்சை இயக்கும் மூளைப் பாதைகளிலும் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும். நூறு குழந்தைகளில் ஐந்துக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் வரும். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் ஒரு சதவீதம் பேரிடம் தங்குகிறது. பயமுறுத்தியதால், கூச்சம் காட்டியதால், இரண்டு மொழி பேசியதால் வந்தது என்று தாயின் தலையில் போடும் பழிக்கு ஆதாரம் இல்லை.

எண்ணுவதைவிடக் கவனிப்பது

அப்படியானால் திக்கும் இருமொழிக் குழந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணிக்கையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதற்கு முதலிடம் தராமல் இருந்தால் போதும். தடங்கல் எத்தனை என்பதைவிட அது எப்படி நிகழ்கிறது என்பது அதிகம் சொல்லும்.

1. இறுக்கம். தேடும் குழந்தை ‘லா லா லா’ என்னும்போது முகம் சாதாரணமாக இருக்கும், கண் படத்தின் மேல் இருக்கும். திக்கும் குழந்தைக்கு உதடு அழுந்தும், தாடை இறுகும், கண்ணை மூடித் திறக்கும், சில சமயம் தலையை ஆட்டிச் சொல்லை வெளியே தள்ளும். குரல் மேலே ஏறும்.

2. தாளம். தேடலில் திரும்பல்கள் சீரான இடைவெளியில், பேச்சின் இயல்பான வேகத்திலேயே வரும். திக்கலில் இடைவெளி ஒழுங்காக இருக்காது. அவசரமாக, வெட்டி வெட்டி வரும்.

3. இடம். முழுச் சொல் திரும்புகிறதா, சொல்லுக்குள்ளேயே உடைகிறதா? ‘லா லா ரானா’ ஒரு கதை. ‘ரா-ரா-ரா-ரானா’ இன்னொரு கதை. நீட்டலும் அடைப்பும் தென்பட்டால் காத்திருக்க வேண்டாம். ஓரசைச் சொல் திரும்பலைத் தனியாக ஒரு கட்டத்தில் எழுதி, அதைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

4. இரண்டு மொழியிலும் உண்டா? உண்மையான திக்கல் பொதுவாக இரண்டிலும் தலைகாட்டும், ஒன்றில் கூடவோ குறையவோ இருக்கலாம். ஒரு மொழியில் மட்டும் கேட்டுவிட்டு முடிவெழுதுவது பாதித் தேர்வு.

5. குழந்தைக்குத் தெரிகிறதா? “எனக்கு வார்த்தை மாட்டிக்கிது” என்று அதுவே சொன்னாலோ, சில சொற்களைத் தவிர்த்தாலோ, வகுப்பில் கை தூக்குவதை நிறுத்தினாலோ கவனிக்க வேண்டும்.

6. வீட்டில் யாருக்காவது இருந்ததா? குடும்பத்தில் திக்கல் இருந்தால், ஆண் குழந்தையாக இருந்தால், தொடங்கி ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் குறையாவிட்டால், தங்கிவிடும் வாய்ப்பு கூடும்.

இந்த ஆறில் முதல் மூன்றை எந்த மொழிக்காரரும் ஓரளவு கேட்டுணரலாம். நான்காவதற்கு மொழி அறிந்த துணை வேண்டும். ஐந்தும் ஆறும் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் தாய் எந்த மொழியில் தயங்காமல் பேசுவாரோ அந்த மொழியில் கேட்டால்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கும்

தவறான அடையாளம் ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பள்ளி வரலாற்றில் பழைய பாடம் ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் மான்டெரே மாவட்டத்தில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது குழந்தைகளை ஆங்கிலத்தில் அறிவுத்திறன் தேர்வு வைத்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிஷும் சேர்த்து மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. ‘டயானா எதிர் மாநிலக் கல்வி வாரியம்’ என்ற அந்த வழக்கு 1970இல் சமரசத்தில் முடிந்தது; குழந்தையை அதன் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1975இல் வந்த மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்விச் சட்டமும் தாய்மொழியில் மதிப்பிடும்படி சொல்கிறது. பேச்சுத் தடங்கல் விஷயத்தில் சட்டத்தின் எழுத்தை மட்டும் நிறைவேற்றித் தப்பிக்க முடியாது. தேர்வை ஸ்பானிஷிலேயே நடத்தி, மதிப்பெண்ணை ஆங்கிலக் கோட்டில் வைத்துப் பார்த்தால், தேர்வு வீட்டு மொழியில் நடந்தும் பயனில்லை.

அதைவிட மோசம், கூடவே வரும் இலவச ஆலோசனை: “கொஞ்ச நாளைக்கு வீட்டில் ஸ்பானிஷ் பேசாதீர்கள்.” ஆங்கிலம் நன்றாக வராத தாய், அந்த ஆலோசனையைக் கேட்டால், பையனிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வார். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே ஒன்றுமே மிஞ்சாது. திக்கல் இதனால் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. திக்கலே இல்லாத குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் என்ன சொல்வது.

மறுபக்கத் தவறும் அவ்வளவு சாதுவானது அல்ல. ஆஸ்டின் ஆய்வைக் காட்டி, “இருமொழிப் பிள்ளை அப்படித்தான் பேசும், போகப் போகச் சரியாகும்” என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினால், உண்மையில் அடைப்போடு போராடும் குழந்தை நல்ல வருடங்களை இழக்கும். சின்ன வயதில் சிகிச்சைக்குப் பலன் அதிகம். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம்ப் முறை போன்றவற்றில் தினசரிப் பயிற்சியைத் தருவதே பெற்றோர்தான். அது வீட்டு மொழியில்தானே நடக்க முடியும். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் ஆலோசனை இங்கேயும் குறுக்கே நிற்கிறது.

இந்த எண்களைத் தமிழுக்குக் கொண்டுவரலாமா?

தமிழும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு 22 சதவீதம் வரை போகலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண் ஸ்பானிஷ் வாசல்களில் நின்று எண்ணியது. தமிழில் பெயருக்கு முன்னால் எல்லும் இல்லை, லாவும் இல்லை. பாலும் எண்ணும் காலமும் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நம் பிள்ளைகள் நேரம் வாங்கப் பிடித்துக்கொள்ளும் சொற்கள் ‘வந்து’, ‘அப்புறம்’, ‘அந்த’ போன்றவை. எதுவும் ஓரசை இல்லை. விதிப்படி “வந்து வந்து வந்து” முதல் கூடைக்குப் போகும், கணக்கிலேயே ஏறாது. ஆக, ஸ்பானிஷ் பிள்ளையை அதிகமாக எண்ணும் அதே விதி, தமிழ்ப் பிள்ளையைக் குறைவாக எண்ண வாய்ப்புண்டு. இன்னொரு பக்கம், ‘மெல்ல மெல்ல வந்துச்சு’, ‘சின்னச் சின்ன தவளை’ என்று வேண்டுமென்றே அடுக்கிச் சொல்வது நம் இலக்கணம். தமிழ் தெரியாத ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து எண்ணினால் அதற்கும் ஒரு கோடு போடுவார்.